கண்ணாடி விரியனும் கரு தங்காமையும்

காய் நறுக்கும்போது விரலில் அரிவாள்மணை பட்டுவிட்டால் குருதி கசிகிறது. சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் தானே நின்றுவிடுகிறது. இதனை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. குழாய்க்குள் ஓடும்வரை குருதி நீராக இருக்க வேண்டும். குழாய் கிழிந்த இடத்தில் மட்டும் கட்டியாக வேண்டும். இந்த ஒழுங்கு குலைந்தால் மனிதன் இருவகையில் துன்புறுகிறான். உறைய வேண்டிய இடத்தில் உறையாவிட்டால் குருதி நில்லாமல் ஒழுகும். உறைய வேண்டாத இடத்தில் உறைந்துவிட்டாலோ, காலில் அடைத்தால் கால் வீங்கும். நுரையீரலில் அடைத்தால் மூச்சுத் திணறும். மூளையில் அடைத்தால் முப்பது வயதிலேயே பக்கவாதம் வரும். கருவுற்ற பெண்ணுக்கு இக்கேடு நேர்ந்தால், நச்சுக்கொடி தன் வேலையைச் செய்யாமல் குழந்தை வாடிவிடும்.

இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த நோய் ஒன்றைப் பற்றி எழுதுமாறு நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து மூன்று மடல்கள் வந்திருக்கின்றன. மூன்றும் பெண்கள் எழுதியவை. தம் பெயரை வெளியிட வேண்டா என்று மூவருமே கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மூன்று முறை கரு தங்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஏதோ ‘பாசிட்டிவ்’ என்று வந்ததாம். மூன்று திங்கள் கழித்து அதே பரிசோதனையை மறுபடியும் செய்ய வேண்டும் என்கிறாராம் மருத்துவர். “இது பணம் பறிக்கும் வழி” என்கிறாராம் மாமனார். இரண்டாமவர் எழுதியிருப்பதைப் படித்தபோது நமக்கு மனம் கனத்தது. கருவுற்ற தொடக்கத்தில் எடுத்த வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் மேகநோய் இருப்பதுபோல் காட்டியதாம். அன்று முதல் கணவர் வீட்டார் அவரிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம். மூன்றாமவர் மகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்ல இருப்பவர், ஊசி போட்டுக்கொண்டிருப்பவர். அவருடைய வினாவுக்கு இறுதியில் வருவோம்.

நோயின் பெயர் நீளமானது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்பர், சுருக்கி ஏ.பி.எஸ். என்றும் சொல்வர். நம் உடலில் கிருமி புகுந்தால் அதனை எதிர்க்கக் குருதியில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை எளிதில் காணாமைக்குக் காரணம் இவையே. ஆனால் சிலருக்கு இந்தக் காவலாளிகள் கள்வனை விட்டு வீட்டுக்காரனைப் பிடிக்கத் தொடங்குகிறார்கள். ஏ.பி.எஸ். நோயில் அவர்கள் பிடிப்பது, பாஸ்பரம் கலந்த ஒருவகைக் கொழுப்பையும் அக்கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களையும். நம் உடலின் ஒவ்வோர் அணுவின் சவ்வும் இவ்வகைக் கொழுப்பினால் ஆனது என்பதை நினைத்துப் பார்த்தால், விளைவு எத்துணைப் பெரிதாக இருக்கக்கூடும் என்பது விளங்கும். இது தொற்றுநோய் அன்று. ஒழுக்கக்கேட்டால் வருவதும் அன்று.

இரண்டாம் சகோதரியின் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு வாசர்மன் என்பார் சிபிலிஸ் என்னும் மேகநோயைக் கண்டறிய ஓர் இரத்தப் பரிசோதனை வகுத்தார். அந்நோயால் இறந்த சிசுவின் ஈரலிலிருந்து எடுத்த சாற்றை அவர் பயன்படுத்தினார். நோய்க்கிருமி அச்சாற்றில் இருப்பதனால்தான் பரிசோதனை வேலை செய்கிறது என்று எல்லாரும் நம்பினர். பின்னர்ப் பார்த்தால், நோயே இல்லாத மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த சாறும் அவ்வாறே வேலை செய்தது! அதில் வேலை செய்யும் பொருள் யாதென்று 1941-இல் மேரி பாங்பார்ன் என்னும் அமெரிக்க அம்மையார் பிரித்தெடுத்துக் காட்டினார். அஃது ஒரு பாஸ்பரக் கொழுப்பு. இதயத்திலிருந்து கிடைத்தமையால் கார்டியோலிப்பின் என்று பெயரிட்டார். இன்றளவும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் இக்கார்டியோலிப்பின் இருக்கிறது.

அப்படியானால் அப்பரிசோதனை கண்டுபிடிப்பது கிருமியை அன்று. அக்கொழுப்புக்கு எதிரான பொருளை. மேகநோய் உள்ளவர் குருதியில் அது தோன்றும் என்பது மெய்யே. ஆனால் ஏ.பி.எஸ். உள்ளவர் குருதியிலும் அது தோன்றக்கூடும். லூபஸ் என்னும் நோய் உள்ளவர் குருதியிலும் தோன்றக்கூடும். மலேரியா முதலிய காய்ச்சலுக்குப் பின் சில நாள் தோன்றி மறைவதும் உண்டு. 1952-ஆம் ஆண்டிலேயே மூர், மோர் என்னும் இரு மருத்துவர்கள், மேகநோய் சிறிதும் இல்லாதவர்களிடம் இப்பரிசோதனை பொய்யாகக் காட்டுவதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். எனவே வி.டி.ஆர்.எல். ஒன்றைக் கொண்டு எந்தப் பெண்ணையும் குற்றக்கூண்டில் நிறுத்துவது அறமும் அன்று, அறிவும் அன்று. டி.பி.எச்.ஏ. என்று வேறொரு பரிசோதனை உண்டு. அது கிருமிக்கே எதிரான பொருளைத் தேடுவது. அதனைச் செய்து பார்க்குமாறு சகோதரி தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். அஃது ‘இல்லை’ என்று வந்து, கரு தங்காத வரலாறும் இருக்குமாயின், ஏ.பி.எஸ். பரிசோதனைகளையும் செய்து பார்ப்பது நலம். கணவர் வீட்டாருக்கு இப்பக்கத்தைப் படித்துக் காட்டலாம் என்றே இதனை இத்துணை விரித்து எழுதினோம்.

அதே 1952-இல் கான்லி, ஹார்ட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் வேறொரு புதுமையைக் கண்டார்கள். லூபஸ் நோயாளிகள் சிலருடைய குருதி, சோதனைக்குழாயில் உறைவதற்கு மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டது. உறைதலைத் தடுக்கும் ஏதோ ஒன்று அக்குருதியில் இருக்கிறது என்றார்கள். 1972-இல் அதற்கு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், அதாவது லூபஸ் உறைதடுப்பான், என்று பெயர் வந்தது. இதனினும் தவறான பெயரை மருத்துவ நூல்களில் காண்பது அரிது என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் நோய் இல்லை. குழாயில் உறைதலைத் தடுக்கும் அப்பொருள் உடலுக்குள்ளே செய்வதோ நேர்மாறான வேலை. அது குழாய்ச் சுவர்களையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டுக் கட்டியை உண்டாக்குகிறது. நச்சுக்கொடியின் அணுக்களையும் தாக்குகிறது.

குருதிக் கட்டி, கருச்சிதைவு, மூளைக் கோளாறு ஆகிய மூன்றும் இவ்வெதிர்ப்பொருளோடு சேர்ந்து ஒரே நோயாக அமைகின்றன என்று 1983-இல் எடுத்துக்காட்டியவர் லண்டன் நகர மருத்துவர் கிரகாம் ஹியூஸ். அதனால் ஹியூஸ் நோய் என்றும் இதற்குப் பெயர் உண்டு. அவருடன் பணியாற்றிய நைஜல் ஹாரிஸ் கயானா நாட்டில் பிறந்தவர். கார்டியோலிப்பினுக்கு எதிரான பொருளை நுட்பமாக அளக்கும் முறையை அவரும் அவர் தோழர்களும் அதே ஆண்டில் வெளியிட்டார்கள். 1990-இல் இன்னொன்று தெரியவந்தது. எதிர்ப்பொருள் கொழுப்பை நேரே பிடிப்பதில்லை. கொழுப்பின்மேல் ஒட்டியிருக்கும் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்னும் புரதத்தையே பெரும்பாலும் பிடிக்கிறது.

ஆகவே இன்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மூன்று பெயர்கள் இருக்கும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஒன்று. கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள் ஒன்று. பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள் ஒன்று. பின்னிரண்டிலும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரு வகை அளக்கப்படும். மூன்றும் ‘உண்டு’ என்று வந்தவருக்கே கட்டி உண்டாகும் அச்சம் மிகுதி. ஐ.ஜி.எம். மட்டும் சிறிதளவு கூடியிருந்தால் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

நம் வீடுகளில் இருமுறை கரு கலைந்துவிட்டால் முதலில் எழும் சொல் நாகதோஷம் என்பது. தொட்டபள்ளாப்பூருக்கு அருகில் காட்டி சுப்பிரமணியர் கோயிலுக்குச் சென்றவர்கள், வரிசை வரிசையாக நிற்கும் நாகக் கற்களைப் பார்த்திருப்பார்கள். பிள்ளை வேண்டி நட்டவை அவை. தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் நட்டிருக்கிறார்கள். அதனை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் வியப்பு என்னவென்றால், மருத்துவரும் இந்நோயைக் கண்டறியப் பாம்பிடமே போகிறார்.

நம் நாட்டு வயல்களில் திரியும் கண்ணாடி விரியனை ஆங்கிலேயர் ரஸ்ஸல் விரியன் என்பர். பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் தங்கிச் சோழமண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்து, 1796-இல் படங்களுடன் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். அவர் நினைவாக வந்த பெயர் அது. இவ்விரியன் கடித்தவருக்குக் குருதி உறையும் ஒழுங்கு முற்றும் குலைந்துபோவது உழவர் வீடுகளில் தெரிந்த செய்தி. அந்நஞ்சில் உள்ள ஒரு பொருள், குருதியின் பத்தாம் உறைகாரணியை நேரே தட்டி எழுப்புகிறது. 1934-இல் மக்பர்லேன் என்னும் மருத்துவரும், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பாம்புகளைக் காத்துவந்த பார்னெட் என்பாரும், இரத்தம் நில்லாத நோயாளிகளின் புண்ணில் இந்நஞ்சை நீர்த்துத் தடவிக் குருதியை நிறுத்திக் காட்டினார்கள்.

1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூவர் சேர்ந்து, மிகவும் நீர்த்த விரியன் நஞ்சைக் கொண்டு லூபஸ் ஆன்டிகோயாகுலன்டைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். அக்கட்டுரையில் முதலாவதாக நிற்கும் பெயர் பெருமாள் தியாகராஜன் என்பது. மற்ற இருவர் பெங்கோ, ஷாப்பிரோ என்போர். உலகெங்கும் இன்று சோதனைச்சாலைகளில் நடைபெறும் ஒரு பரிசோதனையின் தலையில் நமக்குப் பழகிய பெயர் ஒன்று இருப்பதைக் காணும்போது உள்ளம் மகிழ்வது இயல்பன்றோ!

பரிசோதனை நடக்கும் வகை இது. நோயாளியின் குருதியிலிருந்து அணுக்களை நீக்கி, எஞ்சும் தெளிநீராகிய பிளாஸ்மாவை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் விரியன் நஞ்சும், மிகக் குறைந்த அளவு பாஸ்பரக் கொழுப்பும், சுண்ணச் சத்தும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது அந்தச் சிறிதளவு கொழுப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும்; உறைவதற்கு நேரம் நீளும். பிறகு நல்லவர் ஒருவருடைய பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து பார்க்கிறார்கள். உறைகாரணி ஏதேனும் குறைந்ததனால் நேரம் நீண்டிருந்தால், கலந்தவுடன் அக்குறை நிரம்பி நேரம் சரியாகிவிடும். தடுக்கும் பொருள் இருப்பதனால் நீண்டிருந்தால் நல்ல பிளாஸ்மாவையும் அது தடுக்கும், நேரம் சரியாகாது. இறுதியில் கொழுப்பைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். எதிர்ப்பொருள் பிடித்தது போக மிச்சம் இருக்கும் அளவுக்குக் கொழுப்பு வந்துவிட்டால் நேரம் குறைந்துவிடும். அப்போதுதான் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உண்டு என்று எழுதுகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குருதித் தட்டணுக்கள் உடைந்தால் அவற்றிலிருந்தே கொழுப்பு வெளிப்படும். அக்கொழுப்பு எதிர்ப்பொருளை விழுங்கி, இருப்பதை இல்லையென்று காட்டிவிடும். ஆகையால் சிட்ரேட் உப்பு இட்ட நீலமூடிக் குழாயில், குறியிட்ட கோடு வரை சரியாகக் குருதி நிரப்ப வேண்டும்; விரைவில் இருமுறை சுழற்றித் தட்டணுக்களை நீக்க வேண்டும்; சில மணி நேரத்துக்குள் சோதிக்க இயலாவிட்டால் உறைபனியில் வைக்க வேண்டும். தெருமுனையில் குருதி எடுத்து, இருசக்கர வண்டியில் நண்பகல் வெயிலில் நகரெல்லாம் சுற்றி வேறெங்கோ அனுப்பும் இடங்களில் இவையெல்லாம் நடக்குமா என்பது நமக்கு ஐயம். பார்சல் பதிவேடு எழுதிப் பழகிய நமக்கு ஒன்று தெரியும்: பழக்கூடை கெடுவது ஏற்றிய நிலையத்திலும் அன்று, இறக்கிய நிலையத்திலும் அன்று, இடைவழியில்தான். எனவே லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு மட்டுமாவது, குருதி எடுக்கும் இடத்திலேயே சோதனைச்சாலையும் உள்ள பெரிய மருத்துவமனையை நாடுவது நலம். நம் நகரில் அத்தகையவை உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நம்மவர்கள் அறியாதவர்கள் அல்லர். குருதி உறைதலைச் சோதிக்கும் பிற சோதனைச்சாலைகளுக்கே அவ்விடத்திலிருந்து மாதிரிகள் அனுப்பித் தரம் பார்க்கிறார்கள். லால்பாக் வண்டியோ பிருந்தாவன் வண்டியோ ஏறினால் காட்பாடியில் இறங்கிக்கொள்ளலாம்.

இனி முதல் சகோதரியின் மாமனாருக்கு விடை. மூன்று திங்கள் கழித்து மறுபடியும் சோதிக்கச் சொல்வது பணம் பறிக்கும் வழி அன்று. உலக மருத்துவர்கள் கூடி வகுத்த விதி. 1998-இல் ஜப்பான் நாட்டுச் சப்போரோ நகரில் கூடியபோது ஆறு வார இடைவெளி என்றார்கள். அது போதாது என்று கண்டு, 2006-இல் வெளிவந்த விதிகளில் பன்னிரண்டு வாரமாக உயர்த்தினார்கள். காரணம் எளிது. காய்ச்சல், நோய்த்தொற்று ஆகியவற்றுக்குப் பின் இவ்வெதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றி மறையும். நோயே இல்லாத நூறு பேரைச் சோதித்தாலும் ஒருவர் முதல் ஐவர் வரை இவை காணப்படக்கூடும். ஒருமுறை ‘பாசிட்டிவ்’ என்று வந்ததைக் கொண்டு ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் நோயாளி என்று பட்டங்கட்டுவது கொடுமை. பன்னிரண்டு வாரம் பொறுத்து, மறுபடியும் இருந்தால்தான் நோய் என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டாம் முறைக்குப் பணம் செலவாகும் என்பது மெய்யே. தவறான பட்டத்தோடு ஆயுள் முழுதும் மருந்து வாங்குவதற்கு ஆகும் செலவை மாமனார் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

உறைதலைத் தடுக்கும் மாத்திரை உண்பவர்களும், ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்பவர்களும் குருதி கொடுக்குமுன் அதனைச் சொல்ல வேண்டும். அம்மருந்துகளே உறையும் நேரத்தை நீட்டிக்காட்டிக் குழப்பிவிடும். கேட்டால் சொல்லலாம் என்றிருக்க வேண்டா. பல இடங்களில் கேட்பதில்லை.

வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரேயொரு முறை, அதுவும் இரண்டாம் திங்களில் கரு கலைந்த பெண்களையெல்லாம் இப்பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் நகரில் பரவிவருகிறது. இது வேண்டாத செலவு. தொடக்கத்தில் ஒருமுறை கலைவது மிகப் பலருக்கு நேர்வது. பெரும்பாலும் கருவின் அமைப்பிலேயே உள்ள குறையால் நேர்வது. பத்து வாரத்துக்கு முன் மூன்று முறை தொடர்ந்து கலைந்தாலோ, பத்து வாரம் கடந்து நன்கு வளர்ந்த குழந்தை ஒருமுறை இறந்தாலோ, கடுமையான இரத்தக் கொதிப்பால் எட்டு மாதம் நிறையுமுன்னே மகப்பேறு செய்ய நேர்ந்தாலோ இந்நோயை ஐயுற வேண்டும் என்பதே 2006-ஆம் ஆண்டு விதி. இளவயதில் காரணமின்றிக் காலில் கட்டியோ பக்கவாதமோ கண்டவர்களும் ஐயுறத்தக்கவர்கள். ஆண்களும் இதில் அடங்குவர்.

நோய் உறுதியானால் என்செய்வது? கலங்க வேண்டுவதில்லை. 1997-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், பலமுறை கரு கலைந்த, இவ்வெதிர்ப்பொருள் உள்ள 90 பெண்களை இரு கூறாக்கிப் பார்த்தார்கள். சிறிதளவு ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் பெற்றார்கள். 2002-இல் வந்த மற்றோர் ஆய்வில் இரு கூறுக்கும் இவ்வளவு வேறுபாடு தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே இரு கூற்றாருமே பெரும்பாலும் குழந்தை பெற்றார்கள். எப்படியாயினும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினுமே இன்றும் கருவுற்ற காலத்து மருத்துவம். ஹெப்பாரின் நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்வதில்லை.

முன்பே காலிலோ மூளையிலோ கட்டி வந்தவர்கள் உண்ணும் மாத்திரைகள் வேறு. வார்பரின், அசினோகூமரால் என்பன அவை. இவை குழந்தைக்குக் கேடு செய்யும். ஆதலின் இவற்றை உண்ணும் பெண்கள் கருவுற எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; நாள் தள்ளிப்போன பின் சொல்வது காலங்கடந்ததாகிவிடும். இம்மாத்திரை உண்பவர்கள் கீரையைக் கண்டு அஞ்ச வேண்டா. ஆனால் ஒரு வாரம் முழுதும் முருங்கைக்கீரை, மறுவாரம் கீரையே இல்லை என்று இராமல் ஒரே அளவாக உண்ண வேண்டும். அண்மைக் காலத்தில், அடிக்கடி குருதி சோதிக்க வேண்டாத புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றன. முன் சொன்ன பெங்கோ தலைமையில் 2018-இல் வெளிவந்த ஆய்வில், மூன்று பரிசோதனையும் ‘உண்டு’ என்று வந்த நோயாளிகளுக்கு அவற்றுள் ஒன்றைக் கொடுத்தபோது கட்டி மிகுந்தமையால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். அண்டை வீட்டாருக்கு அந்த மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று மாற்றிக்கொள்ளுதல் கூடாது.

மூன்றாம் சகோதரிக்கு ஏழாம் திங்களில் வளைகாப்பு முடித்துத் திருப்பத்தூர் அருகே தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்ல இருக்கிறார்களாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அதனை மாற்றச் சொல்ல நாம் யார்? ஆனால் ஊசி போட்டுக்கொள்ளும் பெண் ஊர் மாறும்போது அவர் வரலாறும் உடன் மாற வேண்டும். இரு முறை எடுத்த பரிசோதனைத் தாள்கள், ஊசியின் பெயர், அளவு, போடும் வேளை ஆகிய யாவும் ஓர் உறையில் இருக்கட்டும். பெங்களூர் மருத்துவரிடமே, அவ்வூர் மருத்துவருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊசியை ஒருநாளும் தானாக நிறுத்தலாகாது. அதே போல, வலி கண்டவுடன் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பதை அங்கே முதலில் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட வேண்டி வந்தால், இரண்டுக்கும் இடையில் போதிய நேரம் கழிந்திருந்தால்தான் போட முடியும். அந்த நள்ளிரவில் சகோதரிக்குப் பேச இயலாமற் போகலாம். உடன் செல்லும் தாயாரோ தமையனாரோ அந்த நேரத்தை எழுதி வைத்திருக்க வேண்டும்.

குழந்தை பிறந்த பின் ஊசி முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். பிறந்த பின் வரும் ஆறு வாரங்களில் கட்டி உண்டாகும் அச்சம் மிகுதி. ஆகையால் அதுவரை ஊசியைத் தொடரச் சொல்வது வழக்கம். பத்தியச் சாப்பாடும் மருந்துக் குழம்பும் கொடுக்கும் பாட்டிமார், “பால் கொடுக்கிறவளுக்கு ஊசி எதற்கு?” என்று கேட்டால், ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டே தாய் பால் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.